பெர்த் 2027-க்கு ஸ்டேஷனிலிருந்து ஐந்து பேர் கிளம்புவது பற்றி

தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: 2027-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் உலக போலீஸ், தீயணைப்பு விளையாட்டுப் போட்டி நடக்கப்போகிறது, எங்கள் ஸ்டேஷனிலிருந்து ஐந்து பேர் சேர்ந்து போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம், துறை அனுப்புமா, கைக்காசுதானா, எந்த விளையாட்டில் பெயர் கொடுப்பது, போய் வந்தால் பலன் உண்டா?

போங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப்போவதில் பாதி உங்களைப் பயமுறுத்துகிற மாதிரி இருக்கும். நான் வேறொரு சீருடைத் துறையில் இருந்தவன். மேலாளர் என்ற பெயரில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போய் வந்திருக்கிறேன். மேலாளர் என்றால் வேறொன்றுமில்லை, பாஸ்போர்ட் ஜெராக்ஸ் எடுப்பவர், யார் அறையில் யார் படுப்பது என்று பஞ்சாயத்து பண்ணுபவர், அவ்வளவுதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், மைதானத்தில் வருகிற தொல்லை கொஞ்சம். ஆபீஸை அப்படியே மூட்டை கட்டி விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகிறோமே, அதில் வருகிற தொல்லைதான் அதிகம்.

போட்டி என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1967-ல் கலிபோர்னியா போலீஸ்காரர்கள் தங்களுக்குள் நடத்த ஆரம்பித்த விளையாட்டு விழா வளர்ந்து, 1985-ல் சான் ஹோசே நகரத்தில் முதல் உலகப் போட்டியாக நடந்தது. அதிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு ஊரில் நடக்கிறது. ரோட்டர்டாமில் 2021-ல் நடக்க வேண்டியது கொரோனாவால் 2022-க்குத் தள்ளிப்போனது, அப்புறம் 2023-ல் கனடாவின் வின்னிபெக், 2025-ல் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம், அடுத்தது பெர்த். சுமார் பத்து நாள், அறுபதை ஒட்டிய விளையாட்டுகள், ஆயிரக்கணக்கில் ஆட்கள். போலீஸ், தீயணைப்பு மட்டுமில்லை, சிறைத்துறை, சுங்கம், எல்லைக் காவல் ஆட்களும் வருவார்கள், ஓய்வு பெற்றவர்களும் ஓடுவார்கள். அறுபது வயதுக்காரர் ஒருவர் ஸ்பைக்ஸ் மாட்டிக்கொண்டு நூறு மீட்டருக்கு நிற்பதைப் பார்த்தால் நமக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தில் தெளிவாக இருங்கள். தகுதிச் சுற்று கிடையாது. முழுநேரப் பணியில் இருப்பதற்கோ ஓய்வு பெற்றதற்கோ ஆதாரம் காட்டி, கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். அதனால்தான் உங்கள் ஐந்து பேருக்கும் இது எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. பல விளையாட்டுகளில் வயதை வைத்துப் பிரித்து ஒவ்வொரு பிரிவுக்கும் தனித் தங்கம், தனி வெள்ளி கொடுப்பார்கள். சில பிரிவுகளில் நான்கு பேர்தான் நிற்பார்கள், சிலவற்றில் நாற்பது பேர். பதக்கம் வாங்கி வந்ததும் ஊரில் ஃப்ளெக்ஸ் வைத்து "உலக சாம்பியன்" என்று போடுவது உங்கள் இஷ்டம், ஆனால் உங்கள் பிரிவில் எத்தனை பேர் ஓடினார்கள் என்று யாராவது கேட்டால் சொல்லத் தயங்காத அளவுக்கு நேர்மையாக இருங்கள். அதற்காக எல்லாமே லேசு என்றும் நினைக்க வேண்டாம். இந்தியாவிலிருந்து அகில இந்திய போலீஸ் விளையாட்டுக் கட்டுப்பாட்டு வாரியம் பெரிய அணியையே அனுப்புகிறது. மத்தியப் படைகளிலும் மாநில போலீஸிலும் விளையாட்டுக் கோட்டாவில் சேர்ந்தவர்கள், தேசிய அளவில் ஓடியவர்கள் அதில் இருப்பார்கள். பர்மிங்ஹாமில் இந்தியா வாங்கியது 600-ஐ ஒட்டிய பதக்கங்கள். முப்பது வயதுக்குக் கீழே இருந்துகொண்டு 400 மீட்டரில் பெயர் கொடுத்தால் உங்களுக்குப் பக்கத்து லேனில் நிற்பவர் காலையிலும் மாலையிலும் ஓடுவதையே வேலையாக வைத்திருப்பவராக இருக்கலாம்.

அதனால் என் யோசனை, தீயணைப்பு ஆட்களுக்கென்றே இருக்கிற போட்டிகளைப் பாருங்கள். முழு உடையும், பி.ஏ. செட் என்கிற மூச்சுக் கருவியும் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற ஓட்டம் இருக்கிறது. ஹோஸ் இழுப்பது, பொம்மை ஆளைத் தூக்கிக்கொண்டு நகர்வது, சாமான்களோடு படி ஏறுவது என்று கட்டம் கட்டமாக வரும் தீயணைப்பு வீரர் போட்டி இருக்கிறது. இதெல்லாம் நீங்கள் டிரில்லில் தினமும் செய்கிற வேலைதான், ஆனால் அங்கே வருகிறவர்கள் இதற்காகவே வருஷக்கணக்கில் பழகுகிறவர்கள், அவர்கள் ஊர் உடையும் கனம், மூச்சுக் கருவியோடு சேர்ந்தால் இருபது கிலோவைத் தொடும். நம் ஊர் யூனிஃபார்மில் படி ஏறிப் பழகிவிட்டு அங்கே போய் அந்த உடையைப் போட்டால் ஐந்தாவது மாடியிலேயே மூச்சு முட்டும். இப்போதிருந்தே பி.ஏ. செட்டோடு ஏறுங்கள், முகமூடியைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். பெர்த்தில் உங்கள் உடையையே போட விடுவார்களா, அவர்கள் தருவார்களா என்பதை விதிப் புத்தகம் வந்ததும் முதல் வேலையாகப் பாருங்கள்.

இன்னொன்று, ஒரே நாளில் எட்டுப் போட்டி முடிக்கிற ஒன்று இருக்கிறது. ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், குண்டு எறிதல், நூறு மீட்டர் ஓட்டம், நூறு மீட்டர் நீச்சல், இருபது அடி கயிறு ஏறுதல், பெஞ்ச் பிரஸ், புல் அப்ஸ், கடைசியில் தடை தாண்டும் ஓட்டம். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் ஆளைப் பிழிந்துதான் விடுவார்கள். நம்மவர்கள் கயிறு ஏறுவதிலும் புல் அப்ஸிலும் பின்னி எடுப்பார்கள், நீச்சலில் கோட்டை விடுவார்கள். கிணற்றில் நீந்தியவருக்கு நீச்சல் குளத்தில் திரும்பும்போது சுவரை உதைக்கத் தெரியாது, அங்கேயே இரண்டு மூன்று வினாடி போய்விடும். ஐந்து பேரில் ஒருவருக்கு நன்றாக நீச்சல் தெரியும் என்றால் அவரை இதற்குத் தயார் செய்யலாம்.

கயிறு இழுக்கிற போட்டி பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பொங்கல் விளையாட்டில் ஜெயித்த நம்பிக்கையில் எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். அணிக்கு எட்டுப் பேர், நீங்கள் ஐந்து பேர், பக்கத்து ஸ்டேஷனில் மூன்று பேர் பிடிக்க வேண்டும். எட்டுப் பேரின் மொத்த எடைக்கும் வரம்பு உண்டு, போட்டிக்கு முன்னால் எல்லோரையும் தராசில் ஏற்றுவார்கள். நம் ஊரில் கடைசி ஆள் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாரே, அந்த வேலை அங்கே நடக்காது. உட்கார்ந்தால் எச்சரிக்கை, கயிற்றைப் பிடித்துப் பிடித்துக் கை மாற்றி ஏறினால் எச்சரிக்கை, முடிச்சுப் போட்டால் போச்சு. கடைசி ஆள் மட்டும் கயிற்றை முதுகின் குறுக்கே தோள் வழியாக விட்டுக்கொள்ளலாம், மற்ற ஏழு பேருக்கும் கயிறு உடம்புக்கும் மேல்கைக்கும் நடுவில்தான் போக வேண்டும். நடுவர் கயிற்றை எடுக்கச் சொல்வார், விறைப்பாகப் பிடிக்கச் சொல்வார், நிதானம் என்பார், அப்புறம்தான் இழு என்பார். அந்த நிதானத்தில் நன்றாகப் பழகிய அணிகள் ஒரு மூச்சுக்கூட விடாமல் குதிகாலைப் புல்லில் ஊன்றிச் சாய்ந்து நிற்கும், நான்கு மீட்டர் இழுத்தால் வெற்றி, மூன்றில் இரண்டு. நான் பார்த்த ஒரு ஆட்டத்தில் நம் பக்கத்து ஆட்கள் எதிரணியை விட நல்ல வாட்டசாட்டம், "ஏலேலோ" என்று ஒரே சத்தம், முதல் பத்து வினாடி வெறியோடு இழுத்தார்கள். எதிரில் இருந்த ஐரோப்பியர்கள் இழுக்கவே இல்லை, சாய்ந்தபடி நின்றார்கள். நம்மவர்கள் களைத்தது தெரிந்ததும் பயிற்சியாளர் கையை லேசாக அசைத்தார், எட்டுப் பேரின் கால்களும் ஒரே நேரத்தில் பின்னால் போயின. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. விளையாட்டுப் பட்டியல் ஊருக்கு ஊர் மாறும், பெர்த்தில் இது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் ஒரு வருஷமாவது சேர்ந்து பழக முடிந்தால் மட்டும் பெயர் கொடுங்கள்.

சரி, அனுமதிக்கு வருவோம். துறை அனுப்புவது வேறு, துறை அனுமதிப்பது வேறு. அணியில் தேர்ந்தெடுத்து அரசாணையோடு அனுப்பினால் செலவும் நாட்களும் அவர்கள் கணக்கு. நீங்களாகப் போனால் சொந்தச் செலவு, விடுமுறையும் உங்கள் கணக்கில், ஆனால் வெளிநாடு போவதற்கு மேலிடத்து அனுமதி கட்டாயம் வேண்டும். பாஸ்போர்ட் எடுக்க அலுவலகத்துக்கு முன்தகவல் கடிதம் கொடுத்துவிட்டு விண்ணப்பித்தாலே கிடைத்துவிடும், பலர் அதோடு அனுமதியே வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட் கையில் இருப்பது ஊரை விட்டுப் போவதற்கான அனுமதி ஆகாது. நிலைய அலுவலரிடம் கொடுத்த கடிதம் மாவட்ட அலுவலர், அதற்கு மேலே, அதற்கும் மேலே என்று போய்த் திரும்ப எத்தனை மாதம் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். ஐந்து பேரும் தனித்தனியாக எழுதாதீர்கள். ஒரே கடிதத்தில் ஐந்து பெயர், போட்டி தேதி, பதிவு ரசீது, யார் செலவு என்பது, திரும்பும் தேதி எல்லாவற்றையும் வைத்து, ஐந்து பேரும் ஒரே நேரத்தில் போனால் ஸ்டேஷன் டியூட்டியை யார் பார்ப்பது என்பதற்கும் நீங்களே ஒரு வழி சொல்லி அனுப்புங்கள். மேலதிகாரி முதலில் கேட்கப்போவது அதைத்தான். ஒரு ஸ்டேஷனில் ஐந்து பேர் ஒரே சமயத்தில் இல்லை என்றால் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட யோசிப்பார், அதனால் இரண்டு மூன்று ஸ்டேஷன்களில் இருந்து ஆட்களைக் கலந்து அணி சேர்ப்பது புத்திசாலித்தனம்.

பணத்தில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனம். சென்னையிலிருந்து பெர்த்துக்கு நேர் விமானம் இல்லை, சிங்கப்பூரோ கோலாலம்பூரோ மாறித்தான் போக வேண்டும். டிக்கெட், தங்குமிடம், பதிவுக் கட்டணம், 200 ஆஸ்திரேலிய டாலரை ஒட்டிய விசா கட்டணம், இன்ஷூரன்ஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஒரு ஆளுக்கு இரண்டு லட்சத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகையைக் கேட்டதும் யாராவது ஒருவர், நம்ம பஜார்ல பட்டாசுக் கடைக்காரர் இருக்காரே, ஜவுளிக்கடைக்காரர் இருக்காரே, ஸ்பான்சர் பண்ணுவார் என்பார். பண்ணுவார்தான். ஆனால் தீயணைப்புத் துறை யாருக்குத் தடையில்லாச் சான்று கொடுக்கிறதோ அவரிடமே தீயணைப்பு ஆள் விமான டிக்கெட் வாங்கினால் அதற்கு என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அரசு ஊழியர் நடத்தை விதிகளில் பரிசு, உதவி வாங்குவதற்கெல்லாம் கட்டுப்பாடு இருக்கிறது, முன்அனுமதி இல்லாமல் பனியனில் கடைப் பெயர் போட்டுக்கொள்வதுகூட வினையாகிவிடும். கூட்டுறவு சங்கக் கடன், சேமநல நிதியில் முன்பணம், மாதாமாதம் ஐந்து பேரும் ஒரு பொதுக் கணக்கில் போடுவது, இந்த மூன்றில் முடிந்ததைச் செய்யுங்கள். பொதுக் கணக்கைப் பார்ப்பவர் அணியிலேயே இளையவராக இருக்க வேண்டாம், பெரியவர் ஒருவர் பணம் கட்டாமல் இழுத்தால் அவரால் கேட்க முடியாது.

இந்த இடத்தில்தான் ஆபீஸ் கூடவே வரும் என்று சொன்னது. ஒரு அணியில் நிலைய அலுவலர் ஒருவர், முன்னணி தீயணைப்போர் ஒருவர், மூன்று தீயணைப்போர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை இரண்டுதான். "சார்" கூட யார் படுப்பது? சார் குறட்டை விட்டால் யார் சொல்வது? மாடிப்படி ஓட்டத்தில் சாரை விடத் தம்பி வேகம், ஆனால் குழுப் போட்டியில் முதல் ஆளாகச் சார்தான் போவேன் என்கிறார், என்ன செய்வது? இதையெல்லாம் மீனம்பாக்கத்தில் ஏறுவதற்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். நான் கூட்டிப்போன அணிகளில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம்: மைதானத்தில் யார் எந்த இடத்தில் ஓடுவது என்பதைக் கடிகாரம்தான் சொல்லும், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் எல்லோரையும் ஓடவிட்டு நேரத்தை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவோம், அதற்கப்புறம் ரேங்க் பேசக் கூடாது. மைதானத்துக்கு வெளியே மரியாதை எப்போதும் போல. அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை: பையன்களைப் பெட்டி தூக்கவும் துணி துவைக்கவும் விடாதீர்கள். வெளிநாட்டு அணிகளில் கேப்டனாக ஒரு சாதாரணத் தீயணைப்பாளர் இருப்பார், அவர் கீழே அவருடைய அதிகாரி ஹோஸ் சுருட்டிக்கொண்டிருப்பார், நம் பையன்கள் அதையெல்லாம் பார்ப்பார்கள்.

ஷாப்பிங் பட்டியல் கொண்டு வருகிறவர்களையும் கொஞ்சம் அடக்கி வையுங்கள். போட்டி முடிகிறவரை ஊர் சுற்றக் கூடாது, முடிந்த மறுநாள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று சொல்லிவிட்டால் போதும். அப்புறம், திரும்பும்போது ஐந்து பேரும் திரும்ப வேண்டும். விளையாட்டு விசாவில் போய் அங்கேயே மறைந்துவிடுகிற ஆட்களால் அடுத்தடுத்துப் போகிறவர்களுக்கு விசா கிடைப்பது கஷ்டமாகிறது, கூட வருகிறவர் யாராவது ஏஜென்ட் அது இது என்று பேசினால் அவரை இப்போதே கழற்றிவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவுக்கென்று ஒரு எச்சரிக்கை. விமானத்திலேயே ஒரு அட்டை கொடுப்பார்கள், கொண்டுவரும் உணவு, விதை, பால் பொருள், மண் ஒட்டிய ஷூ, விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் அதில் சொல்ல வேண்டும். கருவேப்பிலை, நெய் மைசூர்பாகு, தேன், இதெல்லாம் வீட்டில் பாசமாகக் கட்டிக் கொடுப்பவை, அங்கே குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். சொன்னால் பிடுங்கிக்கொள்வதோடு விடுவார்கள், மறைத்தால் அபராதம், அதுவும் சின்னத் தொகை இல்லை. கிரவுண்டில் ஓடிய ஸ்பைக்ஸை, பூட்ஸை அடிப்பகுதி வரை பிரஷ் போட்டுத் தேய்த்துக் காய வைத்துக் கொண்டு போங்கள், ஆணிக்கு நடுவில் இருக்கும் சேற்றை அந்த அதிகாரிகள் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். அரிசி, பருப்பு, மசாலாப் பொடி எல்லாம் பெர்த் இந்தியக் கடைகளிலேயே கிடைக்கிறது, பெட்டியில் இடத்தை வீணாக்காதீர்கள். சமையலறையோடு வரும் அபார்ட்மென்ட்டாக எடுத்தால் சாப்பாட்டுச் செலவு பாதியாகக் குறையும். குக்கர் கொண்டுபோனால் பிளக் மாறும், அடாப்டர் வேண்டும், வோல்டேஜ் நம் ஊர் மாதிரி 230 என்பதால் ஓடும். (அமெரிக்கா போனவர்கள் நம் ஊர் கெட்டிலை அங்கே சொருகிவிட்டு வெந்நீருக்காகக் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன், அங்கே 120 வோல்ட், வெப்பம் கால்வாசிதான் வரும்.) தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட மறக்காதீர்கள். காய்ந்த மிளகாய் கருகி ஸ்மோக் அலாரம் அடித்து, கட்டடமே வெளியே வந்து நின்று, உள்ளூர் ஃபயர் சர்வீஸ் வண்டி வந்து, உள்ளே போய்ப் பார்த்தால் தாளித்தவர் இந்தியத் தீயணைப்பு அணி என்றால் அந்தக் கதை பத்து நாளும் எல்லா மைதானத்திலும் ஓடும். கட்டணத்தையும் உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள்.

நேர வித்தியாசம் பெர்த்துக்கு இரண்டரை மணி நேரம்தான், பர்மிங்ஹாமுக்குப் பத்தரை மணி நேரம் இருந்ததை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை. இருந்தாலும் போட்டிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் போய்ச் சேருங்கள். 2011-ல் நியூயார்க்கில் இந்தப் போட்டி ஆரம்பித்த கையோடு ஐரீன் புயல் வந்து விமான நிலையங்களையே மூடினார்கள், கடைசி நேரத்தில் வரலாம் என்று இருந்தவர்கள் கதி என்ன ஆகியிருக்கும் யோசியுங்கள். தங்குமிடத்தை ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் எடுங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது போட்டி விளையாட்டில் அடிபட்டால் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள், சாதாரணப் பயண பாலிசிகள் பலவற்றில் அதை விலக்கி வைத்திருப்பார்கள், தோள்பட்டை நழுவி அங்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் பில் வரும்போதுதான் தெரியும்.

இன்னொன்று, இதற்குக் காசு அதிகம் ஆகாது, ஆனால் போனவர்கள் எல்லோரும் முன்பே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பார்கள். தோளில் தைக்கிற துறைச் சின்னம், தொப்பி, டி ஷர்ட், இதையெல்லாம் வெவ்வேறு நாட்டுக்காரர்கள் மாற்றிக்கொள்வார்கள். தொடக்க விழா அன்று சாயங்காலமே இது ஆரம்பித்துவிடும். கனடாக்காரர், பிரேசில்காரர், ஹாங்காங்காரர் என்று வரிசையாக வந்து கையை நீட்டுவார்கள், நம்மிடம் கொடுக்க ஒன்றும் இல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்பது தர்மசங்கடம். துறை முத்திரையை நீங்களாக அச்சடிக்காதீர்கள், அதற்கும் அனுமதி கேளுங்கள், கிடைக்காவிட்டால் ஊர் பெயரும் அணி பெயரும் போட்டு ஒரு சின்னத்தை எம்பிராய்டரி பண்ணி ஆளுக்கு ஐம்பது எடுத்துப் போங்கள். அந்த மாற்றலில்தான் பேச்சு ஆரம்பிக்கும், உங்கள் ஊரில் எந்த ஹோஸ், கூரை தீப்பிடித்தால் எப்படி ஏறுகிறீர்கள், கிணற்றில் விழுந்த மாட்டை எப்படித் தூக்குகிறீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். மாடு தூக்குகிற வீடியோ போனில் இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள், அதைப் பார்க்க ஒரு கூட்டமே கூடும்.

பலன் என்று கேட்டிருந்தீர்கள். ஒலிம்பிக், ஆசியப் போட்டிப் பதக்கத்துக்கு இருக்கிற அரசு ஊக்கத்தொகைக் கணக்கில் இதை வைத்துக் கனவு காண வேண்டாம். பர்மிங்ஹாம் போய் வந்த அணிக்கு மத்திய அரசு பாராட்டு விழா நடத்தியது உண்மைதான், ஆனால் அது அணியாக அனுப்பப்பட்டவர்களுக்கு. சொந்தமாகப் போகிறவருக்குப் பணிப்பதிவேட்டில் ஒரு வரி ஏறும், அதையும் நீங்கள்தான் நினைவுபடுத்தி ஏற்ற வேண்டும். இன்கிரிமென்ட் வரும், புரமோஷன் வரும் என்று வீட்டில் சொல்லிக் கடன் வாங்குகிற எண்ணம் இருந்தால் அந்த ஆள் மட்டும் இந்தத் தடவை நின்றுகொள்ளட்டும்.

நின்றுகொள்கிறவருக்கு ஒன்றும் குடி முழுகிவிடாது. 2029 போட்டியை நடத்தும் வாய்ப்பை இந்தியாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள், குஜராத்தில் அகமதாபாத், காந்திநகர், ஏக்தா நகர் மூன்று இடங்களில் நடக்கப்போகிறது. விசா வேண்டாம், இன்ஷூரன்ஸ் தகராறு இல்லை, நேர வித்தியாசம் இல்லை, கருவேப்பிலையை யாரும் பிடுங்க மாட்டார்கள். விடுமுறைக்கு மட்டும் அதே கடிதம் அதே மேஜைகளுக்குப் போய்த்தான் வர வேண்டும், அதை இப்போதே எழுத ஆரம்பித்தாலும் தப்பில்லை. சென்ட்ரலில் நவஜீவன் எக்ஸ்பிரஸ் ஏறி, பி.ஏ. செட்டை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.